வராத ஓட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

வாக்களிப்பு நாளில் மலேசியாவின் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளிக்கூட அறைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது நம் பெயர்தான். மேசையில் இருக்கும் குமாஸ்தா அடையாள அட்டையை வாங்கி உரக்கப் படிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் விரலில் மை, கையில் சீட்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது அங்கே ரகசியமே இல்லை.

யாருக்குப் போட்டார் என்பது மட்டும் ரகசியம். அதுவும் முழுசாக இல்லை. ஒரே மையத்து வாக்காளர்களை வயது வரிசையில் ‘சாலுரான்’களாகப் பிரிக்கிறார்கள், மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் தனித்தனியாக முடிவுப் படிவமான பாரம் 14இல் ஏறுகிறது. தாத்தாக்கள் எத்தனை பேர் வந்தார்கள், பேரன்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று கட்சிக்காரர்கள் அன்றிரவே சொல்லிவிடுவார்கள்.

2018 பொதுத்தேர்தலில் நாடு முழுக்க ஓட்டுப் போட வந்தவர்கள் 82 விழுக்காடு, 2022இல் 74. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்று கோப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். அலுப்பு இருக்கலாம், ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. முன்பு 21 வயதானவர் தாமாகப் போய்ப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஓட்டில் நாட்டமில்லாதவர் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார். 2021 டிசம்பர் 15 முதல் வயது 18, பதிவும் தானியங்கி. பட்டியல் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாக ஊதியது. வந்து ஓட்டுப் போட்டவர்களோ சுமார் 1 கோடியே 23 லட்சத்திலிருந்து 1 கோடியே 56 லட்சமாகக் கூடினார்கள். விழுக்காடு இறங்கியது, வரிசை நீண்டது.

இதில் பினாங்குக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தானியங்கிப் பதிவு அடையாள அட்டை விலாசத்தைத்தான் பார்க்கும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் அட்டையில் இன்னும் ஆயர் ஈத்தாம் வீட்டு விலாசமே இருக்கும். ஓர் ஓட்டுக்காக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வரவேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் பாடு இன்னும் மோசம்: லண்டனில் இருப்பவருக்குக் கிடைத்த தபால் ஓட்டு 2022இல் அவருக்குக் கிடையாது. வராதவரைச் சோம்பேறி என்று திட்டுபவர்கள் பஸ் டிக்கெட் விலையையும் விசாரித்துவிட்டுத் திட்டலாம்.

தூரத்தை விடப் பெரிய காரணம், முடிவு முன்பே தெரிந்துபோவது. புக்கிட் குளுகோர் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங் மறைவுக்குப் பின் 2014 மே மாதம் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. அப்போது நாட்டை ஆண்ட தேசிய முன்னணி ஆளே நிறுத்தவில்லை. கர்ப்பாலின் மகன் ராம்கர்ப்பால் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். வந்தவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காடு. 2009இல் பெனாந்தி சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலிலும் முன்னணி ஒதுங்கிக்கொண்டது. அங்கே பாதிப்பேர்கூட வரவில்லை. சண்டை இல்லாத இடத்துக்கு வேடிக்கை பார்க்க யார் வருவார்?

2023 ஆகஸ்டில் நடந்த பினாங்குச் சட்டமன்றத் தேர்தலில் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) போட்டியிட்ட 19 தொகுதிகளிலும் வென்றது. 40இல் 29 இடம் ஆளும் கூட்டணிக்கு. எதிர்க்கூட்டணியான பெரிக்காத்தான் பிடித்த 11இல் பெரும்பாலானவை பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். ஒன்பது மாதத்துக்கு முன்தான் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்திருந்தார்கள். வழக்கமாக இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும், இந்த முறை இரண்டு தடவை வரவேண்டியிருந்தது. தமிழர் நிலையும் முடிவு முன்பே தெரிந்துபோவதோடு ஒட்டியதுதான். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி பினாங்கில் ஒன்றுகூட இல்லை. போட்டி இறுகும் தொகுதியில் நம் ஓட்டு முடிவைத் திருப்பும். மற்ற இடங்களில் பெரும்பான்மையைக் கொழுக்க வைக்கும், அவ்வளவுதான்.

வீட்டு வாசல் வரை வரும் தேர்தல் ஒன்று இந்த நகரத்துக்கு இருந்தது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது ஜார்ஜ்டவுனில்தான். 9 இடங்களில் 6ஐ ரேடிக்கல் கட்சி பிடித்தது. 1957இல் மாநகரமானபோது முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன், பள்ளி ஆசிரியர். சாக்கடை, அங்காடிக்கடை லைசென்ஸ், குப்பை எல்லாவற்றுக்கும் ஓட்டு வாங்கியவரையே பிடித்துக் கேட்கலாம்.

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் மறுபடி நடத்தச் சொன்னது, அரசு ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் கதவை அடைத்தது. 2012இல் பினாங்கு அரசு இத்தேர்தலை மீட்கத் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பழைய ஸ்காட் ரோடு இன்று ஜாலான் டி.எஸ். ராமநாதன். 2023இல் மேயரான ஏ. ராஜேந்திரனும் தமிழர்தான், ஆனால் அவரும், மாநகர மன்றத்தின் கவுன்சிலர்கள் எல்லாரும், மாநில அரசு நியமித்தவர்கள்.