புடாபெஸ்ட்: கல் சொல்வதும் மறைப்பதும்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குப் போய்வருகிறவர்கள் ரசித்துச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். டான்யூப் ஆறு, 1849-இல் திறந்த சங்கிலிப் பாலம், இரவு வெளிச்சத்தில் பொன்னாய் ஒளிரும் நாடாளுமன்றம், வெந்நீர்க் குளியல் கூடங்கள். கூடவே எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு படம் இருக்கும்: ஆற்றங்கரையின் கல் விளிம்பில் கிடக்கும் இரும்புக் காலணிகள்.

மொத்தம் 60 ஜோடி. ஆண்கள் பூட்ஸ், பெண்களின் குதிகால் செருப்பு, சின்னஞ்சிறு குழந்தைச் செருப்பும் உண்டு. திரைப்பட இயக்குநர் ஜான் டோகாயும் சிற்பி ஜூலா பவுவரும் உருவாக்கி, 2005-இல் அமைத்த நினைவுச் சின்னம் இது. 1944-45 குளிர்காலத்தில் யூதர்களை இந்தக் கரைக்கு இழுத்துவந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். பார்க்கிறவர் கண் கலங்குகிறார். யார் சுட்டது என்று கேட்டால், பலரிடமிருந்து வரும் பதில் "நாஜிகள்" என்பதுதான்.

சுட்டவர்கள் ஹங்கேரியர்கள். அம்புச் சிலுவைக் கட்சி என்ற உள்நாட்டுப் பாசிசக் கட்சியின் ஆயுதப் படையினர். கரையில் பதித்துள்ள பலகையிலேயே அது எழுதியிருக்கிறது. அதைக் குனிந்து படிக்காமல் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால், இந்த நகரம் தனக்குள் நடத்திவரும் மிகப் பெரிய வழக்கு நம் கண்ணில் படாமலே போய்விடும். அந்த வழக்கு நடக்கும் இடம் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள விடுதலைச் சதுக்கம்.

சதுக்கத்தின் தெற்கு முனையில் உடைந்த தூண்களுக்கு நடுவே தேவதூதர் கபிரியேல் நிற்கிறார். கையில் அரச அதிகாரத்தின் சின்னமான உருண்டை. மேலிருந்து ஒரு கழுகு அவர்மீது பாய்கிறது. கழுகின் காலில் மாட்டிய வளையத்தில் 1944 என்ற ஆண்டு. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்குப் பலியானவர்களுக்கான நினைவுச் சின்னம் என்பது இதன் பெயர். குற்றமறியாத தேவதூதர் ஹங்கேரி, கொடிய கழுகு ஜெர்மனி. கல் சொல்லும் கதை இவ்வளவுதான்.

இதில் பொய் எங்கே என்று கேட்கலாம். 1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது உண்மை. ஆனால் அன்றுவரை ஹங்கேரி ஹிட்லரின் கூட்டாளி நாடு. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்கு வரம்பு கட்டிய சட்டம் 1920-இலேயே வந்துவிட்டது. 1938, 1939, 1941 என அடுத்தடுத்த சட்டங்கள் தொழில், சொத்து, திருமணம் என ஒவ்வொன்றாகப் பறித்தன. 1941-இல் ஹங்கேரி தன் எல்லைக்கு வெளியே துரத்திய யூதர்கள் ஆயிரக்கணக்கில் உக்ரைனின் காமியனெட்ஸ்-பொடில்ஸ்கியில் கொல்லப்பட்டார்கள். அப்போது கழுகு வந்திறங்கியிருக்கவில்லை.

ஆக்கிரமிப்புக்குப் பிறகு நடந்ததையும் கழுகின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், சுமார் 4,37,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் நாஜிகளின் மரண முகாமான ஆஷ்விட்ஸ். இவ்வளவு பேரை அடையாளம் கண்டு, வீட்டிலிருந்து வெளியேற்றி, கெட்டோ எனப்படும் அடைப்புக் குடியிருப்புகளில் அடைத்து, வண்டிகளில் திணிக்க நாஜி அதிகாரி ஐக்மனுடன் வந்த சிறு குழுவால் முடிந்திருக்காது. அந்த வேலையைச் செய்தவர்கள் ஹங்கேரியின் காவல் படையினரும் அரசு ஊழியர்களும். நாட்டுத் தலைவராக இருந்த மிக்லோஷ் ஹோர்த்தி ஜூலைத் தொடக்கத்தில் ரயில்களை நிறுத்த உத்தரவிட்டார்; புடாபெஸ்ட் நகரின் யூதர்கள் அப்போதைக்குத் தப்பினார்கள். அவருக்காக வாதாடுகிறவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். எனக்கு இது நேர்மாறான சாட்சியமாகவே படுகிறது. ஜூலையில் நிறுத்தும் அதிகாரம் இருந்தவருக்கு மே மாதத்தில் இல்லாமல் போனது எப்படி?

நினைவுச் சின்னத் திட்டம் வெளியானதுமே எதிர்ப்பு கிளம்பியது. ஹங்கேரிய யூத இன அழிப்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட வரலாற்றாசிரியர் ராண்டால்ஃப் பிரஹாம், அந்நாடு தனக்கு அளித்த உயர் விருதை 2014 ஜனவரியில் திருப்பித் தந்தார். எல்லாப் பலியானவர்களுக்கும் பொதுவான சின்னம் இது என்பது அன்றைய பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசு தந்த விளக்கம். 2014 ஜூலையில் ஓர் இரவில், போலீஸ் காவலோடு, சிலைகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. முறையான திறப்பு விழா நடக்கவில்லை. தலைநகரின் நடுச் சதுக்கத்தில் ஒரு தேசிய நினைவுச் சின்னத்தை இருட்டில் நட நேர்ந்தது என்றால், நட்டவர்களுக்கே அதன்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்?

அதற்கு நேர் எதிரே, நடைபாதையோரம், மக்கள் தாங்களே ஒரு நினைவிடம் அமைத்தார்கள். கூழாங்கற்கள், மெழுகுவர்த்திகள், மூக்குக்கண்ணாடிகள், பழைய பெட்டிகள், திரும்பி வராத தாத்தா பாட்டிகளின் படங்கள், குடும்பத்தில் யார் எங்கே போனார்கள் என்று எழுதி மழைக்கு நனையாமல் உறையிட்ட தாள்கள். "உயிருள்ள நினைவுச் சின்னம்" என்று இதை அழைத்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து குடும்பக் கதைகளையும் வரலாற்றையும் வாரக்கணக்கில் பேசினார்கள். ஆண்டுகள் கடந்தும் தாள்கள் மங்க மங்கப் புதிதாக வைத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நீரூற்று. கோடையில் குழந்தைகள் அதில் குதித்து விளையாடுவார்கள். பயணிகள் முதலில் பார்ப்பது அரசு நட்ட தூண்களை. ஆனால் அதிக நேரம் நிற்பது அந்தத் தாள்களின் முன்னால்தான், நிற்கவேண்டியதும் அங்கேதான். பெயரும் முகமும் அங்கேதான் இருக்கின்றன.

அதே சதுக்கத்தின் வடக்கு முனையில் தங்க நட்சத்திரம் வைத்த சோவியத் போர் நினைவுத் தூண் நிற்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே, முதல் உலகப் போருக்குப் பின் இழந்த நிலப்பரப்பை மீட்போம் என்று முழங்கிய சின்னங்கள் இருந்த சதுக்கம் இது. 1945-இல் அவற்றை அகற்றிவிட்டு இந்தத் தூணை எழுப்பினார்கள். 2006 கலவரத்தின்போது இதன் கல் முத்திரையைப் பெயர்த்தெறிந்தார்கள். ரஷ்யாவுடனான உடன்படிக்கையின் பாதுகாப்பில் தூண் நிற்கிறது. 1945 ஜனவரியில் நகரின் பெஸ்ட் பகுதி கெட்டோவில் உயிரோடு எஞ்சியிருந்த ஏறக்குறைய 70,000 யூதர்களுக்கு சோவியத் செஞ்சேனையின் வருகை என்றால் உயிர் மீண்ட நாள். அதே படையிடம் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும், சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சியை அதன் டாங்கிகள் நசுக்கியதைக் கண்டவர்களுக்கும் அந்த நட்சத்திரம் வேறு பொருள் தரும். இருவர் சொல்வதும் மெய். சதுக்கத்தை ஒட்டிய ஒரு தேவாலய வாசலில் 2013 முதல் ஹோர்த்தியின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. அதற்கு அப்படியொரு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்சி மாறினால் சிலை மாறுவது இந்நகருக்குப் புதிதல்ல. வீரர்கள் சதுக்கத்தின் தூண் வரிசையில் இருந்த ஹாப்ஸ்பர்க் அரசர்களை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இறக்கிவிட்டு, அவர்களை எதிர்த்துப் போராடியவர்களை ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான யூதர்களைக் காத்த ஸ்வீடன் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பெரியின் சிலை, 1949-இல் திறப்புக்கு முந்தைய இரவே காணாமல் போனது. பிறகு டெப்ரெசன் நகரில் ஒரு மருந்து ஆலையின் முன் போய் நின்றது. கம்யூனிச ஆட்சிக் காலச் சிலைகளில் ஒரு பகுதியை உடைக்காமல் நகருக்கு வெளியே மெமெண்டோ பூங்காவில் 1993-இல் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அண்மைக்கால மாற்றங்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 2011-இல் இயற்றிய அரசியல் சட்டத்தின் முகப்புரை, நாடு தன்னுரிமையை இழந்த நாள் 1944 மார்ச் 19 என்றும், மீட்ட நாள் 1990 மே 2 என்றும் வரையறுக்கிறது. அதே ஆண்டு, நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள கொஷுத் சதுக்கத்தை 1944-க்கு முந்தைய தோற்றத்துக்குக் கொண்டுவர நாடாளுமன்றம் தீர்மானித்தது. இடையில் நடந்த எதற்கும் நாடு பொறுப்பில்லை என்றாகிறது; அதற்கு முந்தைய ஹோர்த்தி காலம் மீட்டெடுக்க வேண்டிய பொற்காலமாகிறது. சட்டத்தில் எழுதிய தேதியும் கழுகின் காலில் பொறித்த ஆண்டும் ஒன்றுதான்.

இம்ரே நாகியின் சிலை நகர்ந்ததையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1956 புரட்சியின் பிரதமர் அவர். 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். 1989-இல் அதே தேதியில் அவரை மரியாதையுடன் மறு அடக்கம் செய்தபோது, சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று மேடையில் முழங்கிய இளைஞர் விக்டர் ஓர்பான். சிறு பாலத்தின்மேல் நின்று நாடாளுமன்றத்தைப் பார்க்கும் நாகியின் வெண்கலச் சிலை 1996 முதல் தியாகிகள் சதுக்கத்தில் இருந்தது. ஓர்பான் பிரதமராக இருந்தபோதே, 2018 டிசம்பரில், விடிவதற்குள் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. அந்த இடத்தில், ஹோர்த்தி ஆட்சியில் 1934-இல் நிறுவி 1945-இல் இடித்த ஒரு கம்யூனிச எதிர்ப்புச் சின்னத்தைத் திரும்பக் கட்டினார்கள். நாகி இப்போது மார்கரெட் பாலத்தை ஒட்டிய யாசாய் மாரி சதுக்கத்தில், தன்னைத் தூக்கிலிட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.