சின்னத் தட்டு உணவகத்தில் என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது

சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்களை ஒருநாள் மாலை இப்படியோர் உணவகத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போவார்கள். மெனு ஒற்றைத் தாள். ‘பீட்ரூட், ஆரஞ்சு, தயிர்’ என்று காய்கனியின் பெயரே பதார்த்தத்தின் பெயராக இருக்கும். பக்கத்தில் பதினெட்டு டாலர் என்று போட்டிருக்கும். வருவது மூன்று நான்கு வாய்க்குக் காணும். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் பகல் கொள்ளைதான். ஆனாலும் அந்த விலைக்குக் காரணம் உண்டு.

இந்தச் சமையலின் வேரைத் தேடினால் பெர்க்லிக்குப் போக வேண்டும். 1971-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் அங்கே ஷே பனீஸ் என்ற உணவகத்தைத் தொடங்கினார். அந்தந்தப் பருவத்தில் நல்லதாக எது கிடைக்கிறதோ அதுதான் அன்றைய சமையல். வருகிறவர் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. வேண்டியதைக் கேட்டுச் சாப்பிடும் கஃபே 1980-இல்தான் மாடியில் வந்தது. நடுவில், 1977-இல், கலிபோர்னியா மாநில அரசு விதியைத் தளர்த்தியது. மொத்த வியாபாரத்துக்கென இருந்த தரம்பிரிப்பு, பெட்டிக் கட்டுப்பாடுகள் இல்லாமல் விவசாயிகள் சந்தையில் நேரடியாக விற்கலாம் என்றானது. இன்று சான்பிரான்சிஸ்கோவின் ஃபெரி பில்டிங் உழவர் சந்தைக்குச் சனிக்கிழமை காலையில் போனால், உணவகக்காரர்களும் கூடை கூடையாக வாங்கிப் போவதைப் பார்க்கலாம்.

தட்டு சின்னதாக இருப்பதற்கும் சந்தைக்கும் தொடர்பு இருக்கிறது. வசந்தத்தில் ஃபாவா என்ற அவரை வகை வரும். நாம் மொச்சையைப் பிதுக்குவதுபோல, நெற்றை உரித்து, கொட்டையை வெந்நீரில் போட்டெடுத்து, மேல்தோலையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுக்க வேண்டும். ஒரு கூடை உரித்தால் ஒரு கிண்ணம் மிஞ்சும். அதை முழுச் சாப்பாடாகப் போட்டால் நாலு பேருக்கே தீர்ந்துவிடும். சின்னத் தட்டாகப் போட்டால் இருபது பேர் ருசி பார்ப்பார்கள். தீர்ந்துபோனால் மறுநாள் மெனுவில் வேறு காய். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பகுதி உரித்த கைகளுக்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை முடிவில் போனால் தக்காளியை விடாதீர்கள். சாண்டா குரூஸ் பக்கம், செடி வேர் பிடித்ததும் நீர் பாய்ச்சுவதையே நிறுத்திவிடுகிறார்கள். மண்ணில் தங்கிய ஈரத்தையும் கடலோர மூடுபனியையும் நம்பி வளரும் செடி. பழம் சிறுத்துப்போகும், புளிப்பும் இனிப்பும் இறுகி நிற்கும். உப்பும் எண்ணெயும் மட்டும் போட்டுக் கொண்டுவந்தாலும் அந்தத் தட்டுக்குக் கொடுத்த காசு தகும். அதே தட்டை ஜனவரியில் எந்தக் கடை நீட்டினாலும் வாங்காதீர்கள். சின்னத் தட்டை வெறும் சாக்காக வைத்து அளவைக் குறைக்கும் கடைகளும் நிறைய இருக்கின்றன. பருவம் தவறிய காய் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு என்பார் பரிமாறுபவர். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். அடுப்படியில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும்; மேசை நிரம்பிச் சூடு ஆறிப்போகும். இரண்டு பேர் என்றால் மூன்று தட்டு சொல்லிப் பார்த்துவிட்டு மேலே கேட்கலாம். ரொட்டியோ பாஸ்தாவோ ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசைய வேண்டிவரும்.

சான்பிரான்சிஸ்கோவில் 2011 கடைசியில் தொடங்கிய ஸ்டேட் பேர்ட் ப்ரொவிஷன்ஸ் இன்னொரு வழி கண்டது. சீன டிம்சம் கடைகளின் பாணியில் தள்ளுவண்டியிலும் தாம்பாளத்திலும் தட்டுகள் மேசைக்கே வரும். கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் மாநிலப் பறவை காடை. கடையின் பெயரும் அதன் முக்கியப் பதார்த்தமும் அதிலிருந்து வந்தவை.

சைவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். மெனுவில் வெறும் கோஸ் என்று இருக்கும். சாஸில் நெத்திலி போன்ற ஆன்சோவி மீன் கரைந்திருக்கும், அல்லது கோழிச் சாற்றில் வெந்திருக்கும். ‘வெஜிடேரியனா?’ என்பதோடு விடாமல், மீன், கோழிச்சாறு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

எல்லோரும் ஒரே தட்டில் கைவைப்பதால் எச்சில் பார்ப்பவர்களுக்குச் சங்கடம்தான். தனிக் கரண்டி கேட்டால் தருவார்கள். பில் வந்ததும் சேவைக் கட்டணம் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது டிப்ஸுக்குப் பதிலா என்று கேட்டுவிட்டு அப்புறம் டிப்ஸ் எழுதுங்கள்.