மருந்துச் சீட்டோடு ஒரு மனுவும்



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நடைபெறும் இந்த மருத்துவப் பணியில், அதிகம் பேசப்படாத ஒரு தேவையை இம்முறை உங்கள் முன் வைக்கிறோம்.

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று நம் பழனி மலைக் கிராமங்களிலும் ராணுவத்திலிருந்து திரும்பிய முதியவர்களும் அவர்களது விதவைகளும் இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், பல வேளைகளில் அது வியாதியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரருக்கும் மனைவிக்கும் 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் சிகிச்சை உண்டு. அதற்கு உறுப்பினர் அட்டை வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தால், அட்டையும் தாமதமாகும், குடும்ப ஓய்வூதியமும் தாமதமாகும். இதற்கு எங்கள் மருந்தகத்தில் மருந்து இல்லை.

ஊன ஓய்வூதியத்தில் மருத்துவரின் பங்கு இன்னும் பெரிது. படையில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் கண்டு, அதனால் ஒருவர் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. (2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோருக்குப் புதிய விதிகள் உண்டு.) மறுக்கப்பட்டவர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். அங்கே தெளிவான மருத்துவப் பதிவேடு பெரிய துணை.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் அமைக்கும் திட்டமும் 2025 ஜூலையில் தொடங்கியது. ஆனால் நம் மாவட்ட அலுவலகம் இருப்பது திண்டுக்கல்லில். மூச்சிரைப்பு உள்ள முதியவர் மலையிறங்கிப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும்.

ஆகவே நோயாளி வரும் இடத்திற்கே சட்ட உதவியும் வருவது நல்லது. 1993-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவர்கள் இப்படித்தான் வக்கீல்களைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் அங்கே படைவீரர் மருத்துவமனைகளுக்கும் அது பரவியது.

நாங்கள் செய்ய விரும்புவது எளியது. சீட்டுப் பதியும்போதே, "வீட்டில் யாராவது ராணுவத்தில் இருந்தார்களா? பென்ஷன் வருகிறதா? அட்டை இருக்கிறதா?" என்று கேட்பது, நோயாளியின் சம்மதத்தோடு பதிவேட்டின் நகலை எடுத்து, சட்டப் பணிகள் குழுவின் வக்கீலிடம் சேர்ப்பது. நகல் செலவும் பஸ் கட்டணமுமே முக்கியத் தேவை.

டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் காசு போடும் நாம், இன்னொன்றும் செய்யலாம். உங்கள் சபையில் படைவீரரின் விதவை ஒருவர் இருந்தால், நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுத்தாரா என்று விசாரியுங்கள். அது தவறினால் பென்ஷன் நின்றுவிடும். அதோடு மாத்திரையும் நின்றுவிடும்.


மருத்துவமனை ஊழியர்கள்