இரு குழாய்கள் சேர்ந்த கதை

கருப்பை முதலிலேயே ஒற்றை உறுப்பாக உருவாவதில்லை. தாய் வயிற்றில் பெண் கரு வளரும்போது, ஆறாவது வாரத்தை ஒட்டி இடமும் வலமுமாக இரண்டு மெல்லிய குழாய்கள் தோன்றுகின்றன. 1830-இல் இவற்றை விவரித்த ஜெர்மன் உடலியலாளர் யோஹன்னஸ் முல்லரின் பெயரால் முல்லேரியன் குழாய்கள் என்கிறார்கள். இவற்றின் மேற்பகுதிகள் கருக்குழாய்களாகின்றன. கீழ்ப்பகுதிகள் நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் மிஞ்சும் சுவரும் கரைந்தபின், பேரிக்காய் வடிவில் ஒரே அறை உருவாகிறது.

இந்த வேலை எந்தக் கட்டத்தில் தடைப்பட்டதோ, அதற்கேற்ப வடிவம் மாறும். ஒரு குழாய் வளராவிட்டால் ஒற்றைக்கொம்புக் கருப்பை. இரண்டும் சேரவே இல்லையென்றால் இரட்டைக் கருப்பை. அரைகுறையாகச் சேர்ந்தால் இருகொம்புக் கருப்பை. சேர்ந்தபின் சுவர் கரையாவிட்டால் தடுப்புக் கருப்பை. முயலுக்கு இரட்டைக் கருப்பையும் பசுவுக்கு இருகொம்புக் கருப்பையும் இயல்பானவை.

2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பெண்களில் சுமார் 5.5 சதவீதத்தினருக்கும், கருச்சிதைவு கண்டவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கும் இத்தகைய மாற்றங்கள் இருப்பதாகக் கணித்தது. இவர்களில் பலர் எந்தச் சிக்கலும் இல்லாமல் பிள்ளை பெறுகிறார்கள். தடுப்புக் கருப்பையில் கருச்சிதைவு அதிகம். ஒற்றைக்கொம்பு, இருகொம்பு, இரட்டைக் கருப்பைகளில் குறைப்பிரசவமும், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும் கூடுதல். சிறுநீரகமும் அதே காலத்தில், அருகிலேயே உருவாவதால், ஒற்றைக்கொம்புக் கருப்பை உள்ள சிலருக்கு ஒரு சிறுநீரகம் இருக்காது.

மருத்துவர்கள் எளிதில் குழம்பக்கூடியது தடுப்புக் கருப்பைக்கும் இருகொம்புக் கருப்பைக்கும் இடையில்தான். மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் உள்ளறை மட்டுமே தெரியும்; அதில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வெளிப்புறத்தில் இருக்கிறது: தடுப்புக் கருப்பையின் உச்சி ஏறக்குறைய சமமாக இருக்கும், இருகொம்பின் உச்சியில் பள்ளம் விழுந்திருக்கும். முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ அதைக் காட்டிவிடும். தடுப்பை உள்நோக்கிக் கருவி மூலம் வெட்டிவிடலாம். இருகொம்பைத் தடுப்பென்று நினைத்து வெட்டினால் கருப்பையே துளைபடக்கூடும்.

தடுப்பு இருந்தாலும் உடனே வெட்டியாக வேண்டும் என்பதில்லை. 2021-இல் வெளியான ஒரு சிறிய சோதனையில், வெட்டிக்கொண்டவர்களுக்கு உயிருள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை. ஆகவே அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும்முன், கருப்பையின் வெளிப்புறத்தைப் பார்த்தாயிற்றா என்று கேட்டுவிடுவது நல்லது.