இரும்புக்கா, கண்ணாடிக்கா இந்த விலை?

வார்ப்பிரும்புச் சட்டியின் மேல் வண்ண எனாமல் பூசிய பாத்திரங்கள் இப்போது நம் ஊர்ப் பெரிய கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிரான்சின் லெ க்ரூசே நிறுவனத்தின் சுமார் 5 லிட்டர் கொள்ளும் மூடிச் சட்டி அமெரிக்காவில் 400 டாலருக்கு மேல், அதாவது முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. அதே அளவுச் சட்டியை அமெரிக்காவின் லாட்ஜ் நிறுவனம் சீனாவில் செய்வித்துப் பெரும்பாலும் 100 டாலருக்குள் தருகிறது. எனாமல் இல்லாத வெறும் வார்ப்பிரும்புக் கடாய் நம் பாத்திரக்கடையில் ஓரிரு ஆயிரத்துக்குள் கிடைத்துவிடும். மூன்றிலும் அடியில் இருப்பது ஒரே உலோகம்தான். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இரும்புக்கு அல்ல, அதன்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிக்கு. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, அந்தக் கண்ணாடி நம் அடுப்படியில் என்ன வேலை செய்யும், எத்தனை காலம் தாங்கும் என்று பார்த்தால் போதும்.

முதலில் இரும்பின் கணக்கை முடித்துவிடலாம். வார்ப்பிரும்பு வெப்பத்தைச் சீராகப் பரப்பும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மையல்ல. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சிறிய பர்னரில் வைத்த இரும்புச் சட்டியின் நடுப்பகுதி தகிக்கும்போது ஓரம் மந்தமாகவே இருக்கும். இரும்பின் உண்மையான பலம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் இருக்கிறது. 5 கிலோ எடையுள்ள சட்டி ஒரு டிகிரி சூடேறத் தேவையான வெப்பமும், அரை லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறத் தேவையான வெப்பமும் ஏறக்குறைய சமம். அத்தனை வெப்பத்தைச் சேர்த்து வைத்திருப்பதால்தான் குளிர்ந்த இறைச்சியைப் போட்டாலும் சட்டி சட்டென்று ஆறிவிடாது. தீயைத் தணித்த பிறகும் குழம்பு நெடுநேரம் மெல்லக் கொதிக்கும். இந்தக் குணம் இரும்பின் எடையில் இருந்து வருவது. எனாமல் பூசினாலும் பூசாவிட்டாலும், முப்பதாயிரம் கொடுத்தாலும் மூவாயிரம் கொடுத்தாலும் அது மாறாது.

இனி கண்ணாடி. எனாமல் என்பது வண்ணப்பூச்சு அல்ல; மணலும் போராக்ஸும் சோடாவும் சேர்த்து உருக்கி, குளிர்வித்து, பொடியாக்கிய கண்ணாடி. அதை இரும்பின்மேல் பூசிச் சுமார் 800 டிகிரி செல்சியசில் சுட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்பில் இதைச் செய்வது கடினம். அதிலுள்ள கரி சூளைச் சூட்டில் வாயுவாகக் கிளம்பிப் பூச்சில் குமிழிகளையும் ஊசித் துளைகளையும் உண்டாக்கும். கண்ணாடியும் இரும்பும் ஆறும்போது சுருங்கும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பூச்சு நாளடைவில் தெறித்துவிடும். 1925-இல் வட பிரான்சின் ஃப்ரெனுவா-லெ-கிரான் என்ற ஊரில் லெ க்ரூசேயைத் தொடங்கிய இருவரில் அர்மாந் தெசேகர் வார்ப்பு வேலை தெரிந்தவர், ஒக்தாவ் ஓபெக் எனாமல் வேலை தெரிந்தவர். இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததுதான் அந்தப் பாத்திரத்தின் பிறப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட பூச்சு, ஒவ்வொன்றுக்கும் சூளை, குறையுள்ளதைக் கழித்துக் கட்டும் சோதனை, ஐரோப்பியக் கூலி எல்லாம் சேர்ந்து விலை ஏறுகிறது. பெயருக்கும் நிறத்துக்குமாக ஒரு பங்கு போகிறது என்பதையும் மறுக்க முடியாது.

இந்தக் கண்ணாடியால் கிடைக்கும் பெரிய நன்மை புளிப்பைத் தாங்குவது. வெறும் இரும்புச் சட்டியில் புளிக்குழம்பை நெடுநேரம் கொதிக்க விட்டால் குழம்பு கறுக்கும், இரும்பு வாடை ஏறும், எண்ணெய் தடவிப் பழக்கி வைத்த மேற்பரப்பும் கரைந்துபோகும். எனாமல் சட்டியில் இந்தத் தொல்லை இல்லை. புளி, தக்காளி, வினிகர் எதையும் மணிக்கணக்கில் கொதிக்க விடலாம், அதிலேயே வைத்திருக்கவும் செய்யலாம். பழக்க வேண்டியதில்லை, துருப்பிடிக்கும் கவலையும் குறைவு. ஒயின் ஊற்றி மாட்டிறைச்சியை மூன்று மணி நேரம் ஓவனில் வேகவைக்கும் பிரெஞ்சுச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. வீட்டிலேயே ரொட்டி சுடுபவர்களுக்கும் அப்படியே. 2006-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜிம் லேஹியின் பிசையாத ரொட்டி முறை வெளியான பிறகு, மூடிய சட்டிக்குள் நீராவியை அடைத்து ரொட்டி சுடும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. இந்தச் சட்டிகளுக்கும் கிராக்கி கூடியது.

நம் வீடுகளின் அன்றாடச் சமையல் அப்படியா நடக்கிறது? காய்ந்த சட்டியில் எண்ணெயை ஊற்றிப் புகை எழும் சூட்டில் கடுகு தாளிக்கிறோம். எஃகுக் கரண்டியால் கிளறுகிறோம், கிளறி முடித்ததும் விளிம்பில் கரண்டியைத் தட்டுகிறோம். சூடு ஆறுமுன் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். கம்பி நாரால் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். இவற்றில் ஒவ்வொன்றும் கண்ணாடிக்குப் பகை. வெறும் சட்டியை முழுத் தீயில் காயவிட்டாலோ சூட்டோடு குளிர்ந்த நீர் பட்டாலோ எனாமலில் மயிரிழை விரிசல் விழும். விளிம்பில் விழும் அடியில் சில்லு பெயரும். மஞ்சள் தூளின் கறை வெளிர்நிற உட்புறத்தில் தங்கிவிடும். தோசை, வறுவல், அப்பளம் போன்ற உயர்சூட்டு வேலைக்கு எனாமல் வேண்டியதே இல்லை. வெறும் இரும்புதான் அதற்கு உகந்தது. புளிக்குழம்புக்கோ நம்மிடம் ஏற்கெனவே கல்சட்டியும் மண்சட்டியும் உண்டு. இரண்டும் சூட்டைப் பிடித்து வைக்கும், புளிக்கு அசையாது, விலையும் இதில் ஒரு சிறு பங்குதான்.

ஆயுள் முழுக்க உழைக்கும் பாத்திரம், வருடக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் மலிவுதானே என்று கேட்பார்கள். இந்த வாதத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்க நிற்பது இரும்பு, கண்ணாடி அல்ல. துருப்பிடித்த தோசைக்கல்லைத் தேய்த்து, எண்ணெய் பூசி, மறுபடி பழக்கிக்கொள்ளலாம். உட்புற எனாமல் பெயர்ந்துவிட்டால் வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை. மேலும் சில்லு சாப்பாட்டில் விழலாம் என்பதால் அதில் சமைப்பதை நிறுத்துவதே நல்லது. ஆயுள்கால உத்தரவாதம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், தவறான பயன்பாட்டால் வரும் சேதம் அதில் சேராது. மேலே சொன்ன நம் பழக்கங்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில்தான் வரும்.

விலை குறைந்த எனாமல் சீக்கிரம் பெயரும் என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை உண்டு. நல்ல பூச்சு கூடுதல் காலம் தாங்கும், மூடி நன்றாகப் பொருந்தும், கைப்பிடி அகலமாக இருக்கும். ஆனால் சமைத்த உணவின் ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. சமையல் பாத்திரங்களைச் சோதித்து ஒப்பிடும் ‘அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சோதனைகளில் லெ க்ரூசேக்கு முதலிடம் தந்தவர்களே, அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த க்யூசினார்ட் சட்டியையும் சிக்கன வாங்குதலுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

எனாமல் பூசியதும் நாம் இழப்பது ஒன்று உண்டு; விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. வெறும் இரும்பில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச்சத்து உணவில் இறங்குகிறது. 1986-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 20 உணவுகளைச் சமைத்துப் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவற்றில் இரும்பு கூடியதைக் காட்டியது; புளிப்பும் ஈரமும் உள்ள உணவில் அதிகம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். பாத்திரம் மருந்தாகிவிடாது, மருத்துவர் சொன்ன மாத்திரைக்கு மாற்றும் ஆகாது. ஆனாலும் இப்படியொரு நாட்டில் இரும்பைக் கண்ணாடியால் மூடுவதற்கு அதிக விலை கொடுப்பதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

ஓவனில் ரொட்டி சுடுபவர், வாரந்தோறும் இறைச்சியையோ பருப்பையோ மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வைப்பவர், மரக்கரண்டியும் பொறுமையும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அவர்களுக்கும் நடுத்தர விலைச் சட்டியே போதும். நிறத்தின் மேலும் கைவேலையின் மேலும் ஆசைப்பட்டு விலை உயர்ந்ததை எடுத்தாலும் தவறில்லை, ஆசைக்கான செலவு என்று தெரிந்தே செய்தால் சரி. கடையில் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்து, பூச்சில் மேடுபள்ளமோ ஊசித் துளையோ இருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். மூடியின் குமிழ் பிளாஸ்டிக்கா உலோகமா என்று கேளுங்கள். லெ க்ரூசேயின் பழைய கறுப்புக் குமிழ்கூட 200 டிகிரிக்கு மேல் ஆகாது, ரொட்டிக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். காலிச் சட்டியே 5 கிலோ, குழம்பு நிறைந்தால் 9 கிலோவை எட்டும். தினமும் அதை அடுப்பிலிருந்து இறக்கப்போகிறவர் யாரோ, அவரையே கடையில் இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிரமப்பட்டால் ஓர் அளவு சிறியதாக எடுப்பது நல்லது.