மாதிரியைப் பெறுபவர் யார்? பணியிடப் போதைப்பொருள் சோதனையின் முதற்படி

பணியிடப் போதைப்பொருள் சோதனை என்றவுடன் ஆய்வகமும் அங்குள்ள கருவிகளுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. கருவி எத்துணை நுட்பமானதாக இருப்பினும், தன்னிடம் வந்து சேர்ந்த குடுவையில் என்ன உள்ளது என்பதை மட்டுமே அதனால் கூற இயலும். அக்குடுவையில் இருப்பது யாருடைய சிறுநீர், அதில் எவரேனும் எதையேனும் கலந்தனரா, வழியில் மூடி திறக்கப்பட்டதா என்பவற்றைக் கருவி அறியாது. அவற்றுக்குப் பொறுப்பேற்பவர் மாதிரி சேகரிப்பாளர். அவர் செய்யும் சிறு தவறு ஒருவரது வேலையையும் நற்பெயரையும் ஆபத்துக்குள்ளாக்கக் கூடும்.

அமெரிக்காவில் கனரக வாகனம் ஓட்டும் மகனுக்கோ, விமானப் பராமரிப்பில் பணிபுரியும் மருமகனுக்கோ இத்தகைய சோதனை வரவிருக்கிறது என்று கூறி, ‘நீங்கள் எழுதித் தந்த மருந்தை அவர் தொடரலாமா?’ எனக் கேட்கும் குடும்பங்களை நாங்கள் சந்திக்கிறோம். இந்தியாவிலும் 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் முதலியோருக்கு இச்சோதனை நடைமுறையில் உள்ளது. ஆகவே, சேகரிப்பாளருக்கான பயிற்சியை மிக விரிவாக வரையறுத்துள்ள அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறோம்.

விதிகள் பிறந்த பின்னணி

1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்னுமிடத்தில் ஒரு பயணிகள் ரயில், பாதையில் குறுக்கிட்ட சரக்கு ரயில் இஞ்சின்களின் மீது மோதியதில் 16 பேர் உயிரிழந்தனர். அந்த இஞ்சின்களில் பணியில் இருந்தோர் கஞ்சா பயன்படுத்தியிருந்தது பின்னர் தெரியவந்தது. பொதுமக்களின் பாதுகாப்பு தங்கள் கையில் உள்ள பணியாளர்களைச் சோதிக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது. 1991 ஆம் ஆண்டில் அதற்கான சட்டம் நிறைவேறியது. கனரக வாகன ஓட்டுநர், விமானி, ரயில் ஊழியர், எரிபொருள் குழாய்த்தடப் பணியாளர் எனப் பலர் இதன் வரம்புக்குள் வருகின்றனர். கஞ்சா, கோகெய்ன், ஆம்பெட்டமைன் வகைகள், ஓபியாய்டு வகைகள், பென்சைக்ளிடின் ஆகிய ஐந்து பிரிவுகள் சோதிக்கப்படுகின்றன.

சோதனை கட்டாயமானபோது, குற்றமற்ற பணியாளரைக் காப்பதும் கட்டாயமாயிற்று. சேகரிப்பாளர் பயிற்சியின் நோக்கம் இவ்விரண்டும்தான்.

சேகரிப்பாளர் எவ்வாறு தகுதி பெறுகிறார்?

சேகரிப்பாளர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நான்கு பொருள்களில் அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். முதலாவது, மாதிரி பெறுவதன் ஒவ்வொரு படியும் அதற்கான படிவத்தை நிரப்பும் முறையும். இரண்டாவது, சிறுநீர் போதாமை, ஏமாற்று முயற்சி போன்ற சிக்கலான சூழல்களைக் கையாளுதல். மூன்றாவது, சோதனையையே செல்லாததாக்கும் பிழைகள் எவை, திருத்தக்கூடிய பிழைகள் எவை என்னும் தெளிவு. நான்காவது, பணியாளரின் அந்தரங்கத்தைக் காத்தல், மாதிரியைப் பாதுகாத்தல், மனத்தைப் புண்படுத்தும் சொல்லையும் செயலையும் தவிர்த்தல்.

பாடம் கேட்டால் மட்டும் போதாது. தகுதி வாய்ந்த ஒருவர் கண்காணிக்க, அடுத்தடுத்து ஐந்து மாதிரிச் செயல்முறைகளைப் பிழையின்றிச் செய்து காட்ட வேண்டும். சிறுநீர்ச் சேகரிப்பில் அவற்றுள் இரண்டு இயல்பானவை. மூன்றாவதில் சிறுநீரின் அளவு குறைவு. நான்காவதில் வெப்பநிலை வரம்பில் இல்லை. ஐந்தாவதில் பணியாளர் படிவத்தில் கையொப்பமிட மறுக்கிறார். ஐந்தும் பிழையற்றவை எனக் கண்காணிப்பவர் எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் ‘அடுத்தடுத்து ஐந்து’ என்னும் நிபந்தனை நிறைவேறாது.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சி உண்டு. சேகரிப்பாளரின் பிழையால் ஒரு சோதனை ரத்தானால், அது அவருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பிழை நேர்ந்த பகுதியில் மறுபயிற்சி பெற்று, மூன்று செயல்முறைகளைப் பிழையின்றிச் செய்து காட்ட வேண்டும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எந்தச் சேகரிப்பாளருக்கும் தானே சான்றிதழ் வழங்குவதில்லை. பயிற்சி நிறுவனங்கள் தரும் சான்றிதழ், விதிப்படி பயிற்சி முடிந்தது என்பதற்கான ஆவணமே. எனவே சான்றிதழின் அழகைக் காட்டிலும், பயிற்சி பெற்ற நாள், ஐந்து செயல்முறைகளின் பதிவு, கண்காணித்தவரின் உறுதிமொழி ஆகியவையே முக்கியமானவை. 2023 ஆம் ஆண்டின் விதித் திருத்தம் உமிழ்நீர் மாதிரியையும் அனுமதித்தது. அதைச் சேகரிப்பவருக்குத் தனிப்பயிற்சி தேவை.

சேகரிப்பு அறையில் நடப்பவை

பணியாளரின் அடையாளச் சான்று முதலில் சரிபார்க்கப்படும். மேலுடை, கைப்பை முதலியவற்றை வெளியே வைத்து, சட்டைப் பைகளில் உள்ளவற்றைக் காட்டி, கைகளைக் கழுவிய பின்னரே அவர் உள்ளே செல்வார். கழிப்பறைத் தொட்டியின் நீரில் நீல நிறம் சேர்க்கப்பட்டிருக்கும்; பிற நீர்க்குழாய்கள் அடைக்கப்பட்டிருக்கும். மாதிரியில் நீர் கலப்பதைத் தடுப்பதற்கே இந்த ஏற்பாடு. பெரும்பாலான சோதனைகளில் பணியாளர் தனிமையிலேயே சிறுநீர் கழிக்கிறார். ஏமாற்று முயற்சி ஐயுறப்படுவது போன்ற, விதியில் கூறப்பட்ட சூழல்களில் மட்டுமே நேரடிக் கண்காணிப்பு உண்டு. அப்போதும் கண்காணிப்பவர் பணியாளரின் பாலினத்தைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும்.

குறைந்தது 45 மி.லி. சிறுநீர் தேவை. பெற்ற நான்கு நிமிடங்களுக்குள் வெப்பநிலை பார்க்கப்படும். அது 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். உடலிலிருந்து அப்போதே வெளியான சிறுநீர் இந்த வரம்பில்தான் இருக்கும். பின்னர் பணியாளரின் கண்ணெதிரே 30 மி.லி. ஒரு புட்டியிலும் 15 மி.லி. மற்றொன்றிலும் ஊற்றப்பட்டு, முத்திரையிடப்பட்டு, தேதி குறிக்கப்படும். முத்திரைகளின் மீது பணியாளர் தம் பெயரின் முதலெழுத்துகளை இடுவார். இரண்டாம் புட்டி அவருடைய பாதுகாப்புக்கானது. முதற்புட்டியின் முடிவு பாதகமாகச் சரிபார்க்கப்பட்டு அவருக்கு அறிவிக்கப்பட்டால், 72 மணி நேரத்துக்குள் கோரி, இரண்டாம் புட்டியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கச் செய்யலாம்.

புட்டியின் எண்ணும் படிவத்தின் எண்ணும் பொருந்தாவிடில் அச்சோதனை செல்லாது. படிவத்தில் சேகரிப்பாளரின் பெயரும் கையொப்பமும் இரண்டுமே விடுபட்டாலும் செல்லாது. இந்தக் கண்டிப்பு சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் மற்றொருவரின் மாதிரிக்காக ஓர் ஓட்டுநர் வேலையிழப்பதைத் தடுப்பது இக்கண்டிப்பே.

சிறுநீர் வராவிட்டால்

நீரிழிவு, புராஸ்டேட் சுரப்பி வீக்கம், சிறுநீரக நோய் ஆகியவை உள்ளோர் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். போதிய அளவு தர இயலாதவருக்கு மூன்று மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் ஏறத்தாழ 1.2 லிட்டர் வரை நீர் பருகலாம். அப்போதும் இயலாவிடில், ஐந்து நாள்களுக்குள் தகுந்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுமாறு பணிக்கப்படுவார். சிறுநீர்ப்பாதை அடைப்பு போன்ற உடல்ரீதியான காரணம் உறுதியானால் அது மறுப்பாகக் கருதப்படாது. தக்க காரணம் இல்லையெனில் சோதனைக்கு மறுத்ததாகவே கொள்ளப்படும். எனவே இத்தகைய நோயுள்ளோர் தம் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை வைத்திருப்பது நன்று.

சோதனைக்கு முன் அளவுக்கு மீறி நீர் குடிப்பதும் தவறு. சிறுநீர் மிகவும் நீர்த்திருந்தால் மறு சோதனைக்கு அழைக்கப்படலாம். இதய நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உடலுக்கே தீங்கு நேரலாம்.

மருந்துகளும் கசகசாவும்

பணியாளர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைச் சேகரிப்பாளரிடம் கூற வேண்டியதில்லை. படிவத்தில் தமக்குரிய நகலின் பின்புறம் நினைவுக்காக எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தின் நேர்மறை முடிவு நேரே முதலாளியிடம் செல்வதில்லை. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரிடம் செல்கிறது. அவர் பணியாளருடன் பேசி, மருத்துவக் காரணம் உண்டா என ஆராய்ந்த பின்னரே முடிவை உறுதி செய்கிறார். மருந்துச் சீட்டை அவரிடமே காட்ட வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, ஓபியாய்டு வகை வலி நிவாரணி ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அச்சீட்டு இன்றியமையாத சான்றாகும். அடுத்த வீட்டார் தந்த மருந்துக்கு இச்சான்று இராது.

நம் சமையலறையில் உள்ள கசகசாவுக்கும் இதில் பங்குண்டு. அது அபினிச் செடியின் விதை. அதன் மேற்பரப்பில் சிறிதளவு மார்ஃபின் ஒட்டியிருக்கக் கூடும். கசகசா அரைத்த குருமாவை உண்டவரின் சிறுநீரில் மார்ஃபின் காணப்படலாம் என்பதாலேயே, அமெரிக்க அரசு 1998 இல் இதற்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. ஆயினும் 2023 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களைக் கசகசாவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. சோதனைக்கு உட்படும் பணியில் உள்ளோர் அதனைத் தவிர்ப்பதே எங்கள் பரிந்துரை. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாப் பொருள்களுடன் கசகசாவை வைத்தனுப்ப வேண்டா. அங்கு அது தடை செய்யப்பட்ட பொருள்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

சோதனைக்குச் செல்லும் பணியாளர் கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுதல் நலம்.

1. செல்லுபடியாகும் அடையாளச் சான்றை எடுத்துச் செல்லுங்கள். குறித்த நேரத்தில் செல்லாதிருப்பதும் மறுப்பாகக் கொள்ளப்படலாம்.

2. புட்டிகள் முத்திரையிடப்படும் வரை உங்கள் பார்வையை அவற்றிலிருந்து அகற்றாதீர்கள். முதலெழுத்து இடுமுன் புட்டியின் எண்ணையும் படிவத்தின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. உங்களுக்குரிய நகலைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

4. மருத்துவர் எழுதிய மருந்துகளைச் சோதனைக்கு அஞ்சி நீங்களாகவே நிறுத்தாதீர்கள். வலிப்பு, இரத்த அழுத்தம், மனநலம் ஆகியவற்றுக்கான மருந்துகளைத் திடீரென நிறுத்துவது எந்தச் சோதனையைக் காட்டிலும் ஆபத்தானது. மருந்துச் சீட்டையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

5. சரிபார்க்கும் மருத்துவரிடமிருந்து அழைப்பு வந்தால் தவறாது பேசுங்கள். உங்கள் விளக்கத்துக்கான இடம் அதுவே.

இவ்வொழுங்கு வெளிநாட்டுப் பணியாளருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவச் சோதனைகளில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி, மாதிரி கருவியை அடைவதற்கு முன்னரே நேர்கிறது. இரத்தம் எடுக்கும்போது உங்கள் முழுப்பெயரை மீண்டும் கேட்பதும், குழாயில் உங்கள் எதிரிலேயே பெயர்ச்சீட்டை ஒட்டுவதும் அதனால்தான். ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று சலித்துக்கொள்ளாமல் மறுமுறையும் கூறுங்கள். சீட்டில் உள்ள பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள்; இல்லையெனில் உடனே சொல்லுங்கள். அந்த மாதிரியைக் கொண்டுதான் உங்களுக்குரிய சிகிச்சையை நாங்கள் முடிவு செய்கிறோம்.