‘நல்ல ஜீன்’ தருகிறோம் என்கிறார்களா? கையெழுத்துப் போடாதீர்கள்

படப்பையிலிருந்து குழந்தைக்காகத் தாம்பரம் பக்கம் கருத்தரிப்பு மையங்களுக்கு அலையும் தம்பதிகள் பலர் கேட்பது இதுதான்: “கருவிலேயே ஜீனை மாத்தி நல்லா பொறக்க வைக்கலாமாமே?” நல்லா என்றால் எப்படி? முதலில் சர்க்கரை நோய் வரக்கூடாது என்பார்கள். அப்புறம் நிறத்துக்கு வருவார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஆண் குழந்தை என்பார்கள்.

இந்தியாவில் அது கூடாது. கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தை பெறவைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. இதற்கென்று தண்டனையுடன் ஒரு தனிச் சட்டம் போட மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய், எச்ஐவி தொற்றாதபடி கருவிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக 2018-ல் அறிவித்தார். திருத்தம் நினைத்தபடி விழவில்லை. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை. ஆனால் பழுது அந்தப் பிள்ளைகளின் உடம்பில் தங்கிவிட்டது. அவர்களின் பிள்ளைகளுக்கும் போகலாம். அவர்களை யார் கேட்டார்கள்? வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குத் தந்த மரபணு சிகிச்சை வேறு வகை. அது சம்மதித்த நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களோடு நிற்பது.

இங்கே மையங்கள் சட்டப்படி செய்யக்கூடியது பரிசோதனை மட்டும். கருவைக் கருப்பையில் வைக்குமுன் அதன் மரபணுவைப் பார்க்கலாம். அதையும், 2021 உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை அல்லது மரபணு நோய்க்காக மட்டுமே பார்க்கலாம். வீட்டில் தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால், கேளுங்கள். நிறம், உயரம், மார்க் என்று யாராவது பாக்கேஜ் சொன்னால் அது ஏமாற்று. பையன் என்று சொன்னால் அது குற்றம். அப்படி விளம்பரம் செய்தாலே ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். கேட்டுப் போகிறவருக்கும் 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பணம் கட்டுமுன் சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, தேதி காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். எந்த நோய்க்காக, எந்த மரபணுவைப் பார்க்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் வேண்டும். நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ரசீதில் வெறுமனே ‘பாக்கேஜ்’ என்று போட்டால் ஏற்காதீர்கள், பரிசோதனையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நகையை அடகு வைத்துவிட்டு, பிறகு காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் வருகிறது. நகல் வாங்குங்கள்.

புகாரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படப்பை இருப்பது காஞ்சிபுரம் மாவட்டம், தாம்பரம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். உங்கள் வீடு எங்கே என்பது இங்கே கணக்கில்லை. மையம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். தாலுகா அலுவலகத்துக்கு அல்ல. மையத்தின் பெயர், தேதி, சொன்ன வாக்குறுதி, கேட்ட தொகை ஆகியவற்றை எழுதி நகல்களை மட்டும் இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். நேரில் கொடுத்தால் சீல் போட்ட ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். “நாளைக்கு வாங்க” என்றால் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள்.

பாலினத் தேர்வு விவகாரமாக இருந்தால், நடவடிக்கை இல்லாவிட்டால் நீதிமன்றம் போவேன் என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். பதினைந்து நாள் அவகாசம் தந்து அப்படி அறிவித்தவர் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் போக 1994 சட்டத்தின் 28-வது பிரிவு வழி விடுகிறது. அந்த வரி இல்லாவிட்டால் நாள் கணக்கை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு வழக்கு. அதை நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம்; 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாமியார் வீட்டு நெருக்கடியில் பாலினம் தேர்வு செய்யப் போன பெண்களுக்கு ஒன்று: கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணுக்கு, கேட்டுப் போகிறவருக்கான அந்த மூன்றாண்டுத் தண்டனை கிடையாது என்று அதே 1994 சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. புகாரில் நீங்களே கையெழுத்துப் போடலாம்.